பப்பெட் 8க்கு மாற்றியதும் கேட்டலாக் கம்பைல் ஆகவில்லை, அவசரம்

முகில்_ஆப்ஸ்:
வணக்கம். பப்பெட் (பல மெஷின்களின் அமைப்பை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) 7லிருந்து 8க்கு மாற்றுகிறோம். மாற்றிய பல மெஷின்களில் கேட்டலாக் (மெஷின் எப்படி இருக்க வேண்டும் என்ற பட்டியல்) உருவாகாமல் ரன் நின்றுவிடுகிறது, "அன்னோன் வேரியபிள்" என்று பிழை. நேற்று வரை ஓடிய அதே கோடுதான், ஒரு வரிகூடத் தொடவில்லை. திங்கட்கிழமைக்குள் மொத்தத்தையும் முடித்தாக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேணி:
எந்த வேரியபிள்? பிழை வரியை முழுசாகப் போடுங்கள். 8க்குப் போனது கேட்டலாக் தயாரிக்கும் சர்வரா, ஒவ்வொரு மெஷினிலும் ஓடும் ஏஜென்ட்டா, இரண்டுமா?

கரும்திரை:
ஓபன்எஸ்எஸ்எல் (குறியாக்க நூலகம்) 3தான் காரணம், சந்தேகமே வேண்டாம். 8இன் ஏஜென்ட் அதோடுதான் வருகிறது. எஸ்எஸ்எல் ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாக சர்டிஃபிகேட் வாங்குங்கள் ப்ரோ.

வேணி:
வேண்டாம், எதையும் அழிக்காதீர்கள். சர்டிஃபிகேட்டில் கோளாறு என்றால் சர்வரோடு பேசவே முடியாது. இங்கே கம்பைல் வரைக்கும் வந்திருக்கிறது.

பழைய_கை:
தம்பி, 8 வெளிவந்தது 2023 ஏப்ரலில். ரிலீஸ் நோட்ஸை ஒருமுறை படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஸ்ட்ரிக்ட் என்ற செட்டிங் முன்பு எச்சரிக்கையோடு விட்டுவிடும், இப்போது பிழையாக நிறுத்தும். அவ்வளவுதான். படிக்காமல் புரொடக்ஷனில் கை வைப்பதை எப்போது நிறுத்தப் போகிறீர்கள்?

முகில்_ஆப்ஸ்:
சர்வர் போன மாதமே 8 ஆகிவிட்டது. இப்போது ஏஜென்ட்களை மாற்றுகிறோம். வேரியபிள் பெயர் ஓஎஸ்ஃபேமிலி. இன்னும் ஏஜென்ட் 7 இருக்கும் மெஷின்கள் ஒழுங்காக ஓடுகின்றன.

வேணி:
இதைத்தான் கேட்டேன். ஸ்ட்ரிக்ட் மட்டும் காரணமென்றால் போன மாதமே எல்லாம் நின்றிருக்க வேண்டும், பழைய_கை அண்ணா. காரணம் ஏஜென்ட்டில்தான் இருக்கிறது. ஓஎஸ்ஃபேமிலி, ஐபிஅட்ரஸ், எஃப்க்யூடிஎன் மாதிரியான பழைய தனி ஃபேக்ட்களை (மெஷின் தன்னைப் பற்றிச் சொல்லும் விவரங்களை) 7 அனுப்பிக்கொண்டிருந்தது. 8இன் ஏஜென்ட் அவற்றைத் தானாக அனுப்பாது, புது அமைப்பில் உள்ளவற்றை மட்டும் அனுப்பும். வராத வேரியபிளைக் கோடு கேட்கிறது, ஸ்ட்ரிக்ட் நிறுத்துகிறது.

இன்றைக்குத் தப்பிக்க: ஏஜென்ட்டின் பப்பெட்.கான்ஃப் கோப்பில் இன்க்ளூட் லெகசி ஃபேக்ட்ஸ் செட்டிங்கை ட்ரூ ஆக்குங்கள். நிரந்தரமாக: கோடு சரிபார்க்கும் பப்பெட்-லின்ட் 4ஐ ஃபிக்ஸ் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். மேனிஃபெஸ்ட்களில் (பப்பெட் கோடு கோப்புகளில்) பழைய பெயர்களை ஃபேக்ட்ஸ் ஹாஷுக்கு மாற்றிவிடும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. ஹைரா என்பது மெஷினுக்கு ஏற்ற மதிப்புகளைத் தேடித் தரும் பகுதி. உங்கள் ஹைரா.யாமல் கோப்பில், பாத் வரிகளில் ஓஎஸ்ஃபேமிலி இருக்கிறதா? மேனிஃபெஸ்ட்டாவது கத்தும், ஹைரா கத்தாது. அந்த இடத்தில் வெற்றுச் சரத்தை வைத்து, பெயரே இல்லாத யாமல் கோப்பைத் தேடும். கிடைக்காததால் அடுத்த நிலைக்குப் போய்விடும். ரன் வெற்றி என்று காட்டும், மெஷினில் போய் உட்கார்வது பொது மதிப்பு. அதனால் ரன் பச்சையாக இருப்பதை நம்பாதீர்கள். முதலில் நோ-ஆப்பில் (எதையும் மாற்றாத ஒத்திகையாக) ஓட்டி, என்ன மாறும் என்ற டிஃப் பாருங்கள்.

கரும்திரை:
சரி, ஃபேக்ட்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 8இன் பேக்கேஜை எங்கிருந்து எடுக்கிறீர்கள்? பழைய பொது ரெப்போவில் (பேக்கேஜ் களஞ்சியத்தில்) புதிய பில்டுகள் வருவதில்லையே.

நிலா_இன்ஃப்ரா:
ஆமாம், அதைப் பலர் கவனிக்கவில்லை. இனிப் புதிய பில்டுகள் தனி ரெப்போவில்தான் என்று பப்பெட்டின் உரிமையாளரான பெர்ஃபோர்ஸ் 2024 நவம்பரில் அறிவித்தது. இலவச அனுமதி 25 நோடு (மெஷின்) வரைதான். அதனால்தான் வாக்ஸ் புபுலி என்ற பயனர் சமூகக் குழு பப்பெட்டிலிருந்து ஓபன்வாக்ஸைத் தனியாகப் பிரித்து 2025 ஜனவரியில் முதல் பதிப்பை வெளியிட்டது. எட்சி, ஆப்ட் டைரக்டரிகளில் பாதைகள் எல்லாம் அதேதான், பேக்கேஜ் பெயர் மட்டும் மாறும். நாங்கள் மாறிவிட்டோம்.

பழைய_கை:
ஃபோர்க்கை (இப்படிப் பிரிந்த பதிப்பை) நம்பி நிறுவனத்தை நடத்த முடியாது. கோளாறு வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? பணம் கட்டி சப்போர்ட் வாங்குவதுதான் முறை.

நிலா_இன்ஃப்ரா:
பல வருடமாக நாம் எல்லோரும் பயன்படுத்தும் எத்தனையோ மாட்யூல்களைப் பராமரிப்பது அதே வாக்ஸ் புபுலி ஆட்கள்தான். அவர்களை அங்கே நம்பினால் இங்கேயும் நம்பலாம். பணம் கட்ட முடிந்த நிறுவனம் தாராளமாகக் கட்டட்டும், அதில் தவறில்லை. ஆனால் முப்பது நாற்பது மெஷின் வைத்திருக்கும் சின்னக் கல்லூரி என்ன செய்யும்?

பழைய_கை:
அவர்கள் அன்சிபிள் என்ற வேறு கருவிக்குப் போகட்டும்.

கரும்திரை:
அன்சிபிளில் ஏஜென்ட் இல்லை. யாரோ கையால் மாற்றியதை அடுத்த ரன்னில் தானாகத் திருப்பும் வசதிக்கு நாமே ஷெட்யூல் போட வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

வேணி:
இதற்குத் தனி இழை தொடங்குங்கள். முகில், என்ன ஆயிற்று?

முகில்_ஆப்ஸ்:
லெகசி ஃபேக்ட்ஸ் போட்டதும் கம்பைல் ஆகிறது. வேணி சொன்னது ஹைராவிலும் இருந்தது. செட்டிங் போடாத, மேனிஃபெஸ்ட்டில் பழைய பெயர் எதுவும் வராத ஒரு மெஷினுக்கு, சர்வரில் லுக்அப்பை (ஹைராவின் தேடலைக் காட்டும் கட்டளை) எக்ஸ்ப்ளெயினோடு ஓட்டினேன், "ஓஎஸ்/.யாமல்" என்று தேடுகிறது. அந்த மெஷினின் நோ-ஆப் டிஃப்பில், நேரத்தைச் சரிசெய்யும் குரோனியின் எங்கள் உள் டைம் சர்வர் இரண்டும் கழித்தல் குறியில், பொது பூல் கூட்டல் குறியில். லின்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. நன்றி.

வேணி:
நல்லது. லின்ட் மேனிஃபெஸ்ட்களை மட்டும்தான் திருத்தும். இஆர்பி டெம்ப்ளேட்களில் (கோப்பு வார்ப்புருக்களில்) பழைய ஃபேக்ட் பெயர் இருந்தால் அதுவும் சத்தமில்லாமல் வெற்றாகிவிடும். லெகசி செட்டிங்கை எடுப்பதற்கு முன் அவற்றை கிரெப் போட்டுத் தேடிப் பார்த்தீர்களா?