பிளாட்டினம் ஜேனஸ் துகள்கள் கொத்தாகச் சேர்வது கூட்டியக்கமா, வெறும் ஒட்டலா?

நுண்துகள்:

என் ஜேனஸ் துகள்கள், அதாவது ஒரு பாதியில் மட்டும் பிளாட்டினம் பூசி, ஹைட்ரஜன் பெராக்சைடை எரிபொருளாகக் கொண்டு தாமே நீந்துபவை, இப்படிச் செய்தவை: 2 மைக்ரான் சிலிக்கா உருண்டைகளை ஸ்லைடில் ஒற்றை அடுக்காக உலர்த்தி, மேல்பக்கம் 7 நானோமீட்டர் பிளாட்டினத்தை எலக்ட்ரான் கற்றையால் (இ-பீம்) ஆவியாக்கிப் படியவைத்து, அல்ட்ராசோனிக் தொட்டியில் தண்ணீருக்குள் கழற்றியெடுத்தவை. கலவை: துகள் நீர் 900 மைக்ரோலிட்டர், 30% பெராக்சைடு 100. பிஎச் நிலையாக இருக்க 1 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபர் சேர்த்திருக்கிறேன். இரட்டை ஒட்டு டேப் வைத்து நான்கு பக்கமும் மூடிய அறை, சுமார் 20 மைக்ரோலிட்டர். நொடிக்கு 10 பிரேம் எடுத்து, அடுத்தடுத்த பிரேம்களின் இடைத்தூரத்தைக் கணக்கிட்டால் வேகம் நொடிக்கு 4 மைக்ரான் வருகிறது. பத்து நிமிடத்தில் வேகம் குறைகிறது, இருபது முப்பது துகள்களாகக் கொத்துகள் சேர்கின்றன. அரைமணியில் எல்லாமே ஒரே திசையில் நகர்கின்றன. 2012-ல் பிரான்சின் லியோன் நகர ஆய்வுக்குழு காட்டிய, தாமே சேர்ந்து பிரியும் கொத்துகள் இவைதானா?

கூழ்மம்:

முதலில் பஃபரை நிறுத்துங்கள், அதுவும் உப்புதான். துகளின் பாதியை மூடும் பிளாட்டினம் பூச்சு, அதாவது தொப்பி, உச்சியில் தடிமனாகவும் விளிம்பில் மெல்லியதாகவும் இருக்கும். இரண்டு இடத்திலும் வினை ஒரே அளவில் நடக்காததால் புரோட்டான் ஓட்டமும் அதனால் ஒரு மின்புலமும் உண்டாகின்றன. அந்த மின்புலம்தான் துகளைத் தள்ளுவதில் பெரும்பங்கு வகிக்கிறது. உப்பு சேர்ந்து நீர் நன்றாகக் கடத்தத் தொடங்கினால் அந்த மின்புலம் சரிந்துவிடும். 1 மில்லிமோலார் உப்பே வேகத்தைப் பெரிதும் வெட்டும் என்று 2014-ல் எடின்பரோவில் காட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு கேடும் உண்டு. அந்த உப்பளவில் துகளைச் சுற்றியுள்ள மின்படலம் 10 நானோமீட்டருக்குக் குறுகிவிடும். விலக்குவிசை எட்டும் தூரம் அவ்வளவு சுருங்கியபின் இரண்டு தொப்பிகள் நெருங்கினால் ஒட்டியேவிடும்.

அயனிகள் நீக்கிய மிகத்தூய (18.2 மெகாஓம்) நீரில் நான்கைந்து முறை சென்ட்ரிஃபியூஜ் செய்து கழுவுங்கள். கடையில் வாங்கும் 30% பெராக்சைடிலும் நிலைப்படுத்திகள், அதாவது டின் அல்லது பாஸ்பேட் சேர்மங்கள் இருக்கும். ஆகவே ஒரு தொடர் அளவீடு முழுவதையும் ஒரே பாட்டிலில் முடித்துவிடுங்கள். கருத்த (பிளாட்டினம்) பாதி பின்னால், வெளிர்ந்த (சிலிக்கா) பாதி முன்னால் என்று போகிறதா என்பதையும் பாருங்கள். தங்க-பிளாட்டினம் கம்பிகள் இதற்கு நேர்மாறாக, பிளாட்டினம் முனை முன்னால் இருக்கும்படி ஓடும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தடம்:

லியோன் கொத்துகள் அல்ல என்பதற்கு உங்கள் விவரிப்பிலேயே சான்று இருக்கிறது. அங்கே வேகம் கூடக்கூடக் கொத்தின் சராசரி அளவு நேர்கோட்டில் கூடியது. உங்களுக்கு வேகம் குறையக்குறையத்தான் கொத்து வளர்கிறது. இது ஒட்டல்.

உறுதிசெய்ய, எரிபொருளை உறிஞ்சியெடுத்துத் தூய நீரை விடுங்கள். இந்த அளவுத் துகளின் பிரௌனியன் பரவல், அதாவது நீர் மூலக்கூறுகள் மோதுவதால் வரும் தாறுமாறான அசைவு, நொடிக்குச் சுமார் 0.25 சதுர மைக்ரான். தன் விட்டத்தளவு நகர நான்கு நொடி போதும். சுவரருகே இழுவை அதிகம் என்பதால் சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள். உண்மையான கொத்து என்றால் அதற்குள் ஓரம் நெகிழ்ந்து உதிரத் தொடங்கும். ஒட்டியது அப்படியே கிடக்கும்.

வேகக் கணக்கும் தவறு. 0.1 நொடியில் வெறும் பிரௌனியன் அசைவே 0.3 மைக்ரான் நகர்த்தும். உங்கள் முறையில் அது நொடிக்கு 3 மைக்ரானாகத் தெரியும். பெராக்சைடு ஒரு சொட்டும் இல்லாமல் இதே அளவீட்டைச் செய்து பாருங்கள், "வேகம்" வரத்தான் செய்யும்! சராசரி வர்க்க இடப்பெயர்ச்சியை நேரத்துக்கு எதிராக வரைந்து, 1 நொடி வரையான பகுதியை 4Dt + v²t² என்று பொருத்துங்கள் (D பரவல், v உண்மையான வேகம், t நேரம்). துகள் திசை மறக்க 5 நொடிக்குச் சற்று மேல் ஆகும். ஆகவே ஒவ்வொரு தடமும் ஒரு நிமிடமாவது நீளட்டும்.

நுண்துகள்:

பெராக்சைடு இல்லாத ஒப்பீட்டை எடுக்கவே இல்லை. அதையே முதலில் செய்கிறேன். ஒரே திசை நகர்வும் உப்பினால்தானா?

தடம்:

இல்லை, அது வாயுவும் சாய்வும். 3% பெராக்சைடு முழுதும் சிதைந்தால் தன் கனஅளவைப்போலப் பத்து மடங்கு ஆக்ஸிஜன் தரும். மருந்துக்கடை பாட்டிலில் "10 வால்யூம்" என்று அச்சிடுவது இதைத்தான். உங்கள் 20 மைக்ரோலிட்டருக்கு 200 மைக்ரோலிட்டர் வாயு. அதில் ஒரு சிறு பங்கு வெளிவந்தாலே மூடிய அறையில் எங்கோ ஒரு மூலையில் குமிழி பிடித்து, வளர்ந்து, திரவத்தைத் தள்ளும். இரண்டு பக்கம் திறந்து விடுங்கள், ஆவியாதலைத் தடுக்க ஈரப்பெட்டிக்குள் வையுங்கள், எரிபொருளை 1 முதல் 2 சதவீதத்தில் நிறுத்துங்கள்.

சாய்வைக் கவனிக்காமல் விடுபவர்கள் அதிகம். இந்தச் சிலிக்கா நொடிக்கு 2 மைக்ரானுக்குச் சற்று மேலாகக் கீழிறங்கும். நுண்ணோக்கி மேடை 2 டிகிரி சாய்ந்திருந்தால் அடித்தளத்தில் அரைமணிக்குள் பல பத்து மைக்ரான் சறுக்கிவிடும். பூச்சில்லாத சிலிக்கா உருண்டைகளைக் கொஞ்சம் கலந்து வையுங்கள். அவையும் அதே திசையில் அதே வேகத்தில் போனால் அது துகள்களின் கூட்டியக்கம் அல்ல; அந்தச் சராசரியை எல்லாத் தடங்களிலிருந்தும் கழித்துவிடுங்கள். இப்படி ஓட்டத்தைக் காட்டும் டிரேசராக, சுறுசுறுப்பான துகளிலிருந்து தள்ளி இருப்பவற்றை மட்டும் எடுங்கள். அருகில் இருப்பவற்றை அதன் வேதிப்புலம் இழுத்துக்கொள்ளக்கூடும்.

கூழ்மம்:

கொத்துதான் உங்கள் முக்கிய ஆர்வம் என்றால் ஹேமடைட் (ஒருவகை இரும்பு ஆக்சைடு) துகள்களுக்கு மாறுவதே நல்லது. 2013-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் செய்தது: பாலிமர் உருண்டையிலிருந்து துருத்தி நிற்கும் ஹேமடைட் கனசதுரம், நீல ஒளி பட்டால் மட்டுமே பெராக்சைடைச் சிதைக்கும். விளக்கைப் போட்டால் துகள்கள் படிகமாகக் கூடும், அணைத்தால் கலையும். எரிபொருளை மாற்றிச் செய்யும் சோதனையை அங்கே ஒரு சுவிட்சிலேயே முடித்துவிடலாம்.