14 அங்குல டிவியும் மஞ்சள் கேசட்டும்: காயலான் கடைக்குப் போடலாமா, வேண்டாமா?

அம்மாபேட்டை_தறி

போன வாரம் சேலம் அம்மாபேட்டைப் பழைய வீட்டைக் காலி செய்தோம். பரணிலிருந்து இரண்டு சாமான் இறங்கியது. ஒன்று, 2006இல் தொடங்கி அரசு வீட்டுக்கு வீடு கொடுத்த இலவசக் கலர் டிவி, 14 அங்குலம். இன்னொன்று, நான் ஆறாவது படிக்கும்போது அப்பா தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த டிவி கேம்: இரண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி, 99999 விளையாட்டு என்று ஸ்டிக்கர் ஒட்டிய மஞ்சள் கேசட். காயலான் கடைக்காரர் டிவிக்கு நூற்றைம்பது ரூபாய் தருகிறேன் என்று வாசலிலேயே நின்றார். கொடுத்துத் தொலை என்றார்கள் வீட்டில். நான் கொடுக்கவில்லை.

முதலில் ஹாலில் இருக்கும் எல்இடி டிவியில்தான் மாட்டிப் பார்த்தேன். மரியோ வந்தான், முதல் குழியிலேயே விழுந்தான். மறுபடி விழுந்தான். பதினெட்டு வருஷம் ஆயிற்றே, கைப்பழக்கம் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம் அதே கேசட்டைப் பழைய டிவியில் போட்டால் முதல் தடவையே தாண்டிவிட்டான். சந்தேகம் தீரட்டும் என்று ஃபோனில் ஸ்லோமோஷன் வைத்து, நொடிக்கு 240 படம், ரிமோட்டும் திரையும் சேர்ந்து தெரிகிற மாதிரி எடுத்து ஒவ்வொரு படமாக எண்ணினேன். பட்டன் அமுங்கியதிலிருந்து மரியோவின் கால் தரையை விட்டுக் கிளம்ப பழைய டிவியில் 11 படம், எல்இடியில் 36 படம். ஒன்று 0.05 நொடிக்கும் குறைவு, இன்னொன்று 0.15 நொடி. கை சரியாகத்தான் இருந்தது, டிவிதான் தாமதம்.

என் கட்சி இதுதான். இந்த விளையாட்டுகளை அந்தக் காலத்து டிவியில்தான் விளையாட வேண்டும். வீட்டில் பரணில் கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள்.


கொண்டைஊசி_20

தம்பி, நான் ஏற்காட்டில் ஒண்டிக்கடை பக்கம் இருக்கிறேன். உங்கள் ஆசை புரிகிறது, ஆனால் ஊருக்கெல்லாம் அறிவுரையாகச் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியாது.

எங்கள் வீட்டிலும் அதே இலவச டிவி இருந்தது. மலையில் ஐப்பசி மழை பிடித்தால் வீட்டுக்குள்ளேயே மேகம் வந்து போகும், தீப்பெட்டி உரசினால் பற்றாது. அந்த ஈரத்தில் டிவியைப் போட்டால் பின்பக்கம் உஸ் என்று ஒரு சத்தம், கூடவே ஒரு நெடி. உள்ளே உயர் மின்சாரம் ஈரத்தில் கசிகிறது என்று மெக்கானிக் சொன்னார். இரண்டு தடவை பார்த்தார், மூன்றாவது வருஷம் இடி கேபிள் வயர் வழியாக இறங்கிக் கதை முடிந்தது. தூக்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்கு வர எனக்குத் தெம்பில்லை.

இப்போது என் சட்டைப் பையில் 3.5 அங்குலத் திரையோடு ஒரு கைக்கருவி இருக்கிறது. நாலாயிரம் ரூபாய்ச் சொச்சம். உங்கள் மரியோ, காண்ட்ரா, பேட்டில் சிட்டி எல்லாம் அதில் ஓடுகிறது. கரண்ட் போனாலும் ஓடும், நடுவில் நிறுத்தி வைத்து நாளைக்கு அதே இடத்திலிருந்து தொடரலாம். காபி பறிப்பு நேரத்தில் எனக்குக் கிடைப்பதே பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷத்தில் ஓர் அறையை ஒதுக்கி, டிவியைச் சூடாக்கி, கேசட்டைத் துடைத்துப் போட்டு உட்கார முடியுமா?

இன்னொன்று. அசல் அசல் என்கிறீர்களே, உங்கள் பெட்டி எது? நிண்டெண்டோ கம்பெனியின் ஃபேமிகாம் என்ற டிவி கேம் பெட்டி 1983 ஜூலையில் ஜப்பானில் வந்தது. நம் ஊர்ச் சந்தையில் நாம் வாங்கியது எல்லாம் அதன் நகல். கேசட்டும் நகல். 99999 என்று போட்டிருந்தாலும் உள்ளே சில டஜன் விளையாட்டுதான், அதையே இரண்டாம் கட்டத்திலிருந்து ஒன்று, ஐந்தாம் கட்டத்திலிருந்து ஒன்று என்று பெயர் மாற்றி அடுக்கியிருப்பான். நகலுக்கு எதற்குத் தம்பி இத்தனை மரியாதை?


அம்மாபேட்டை_தறி

நகல்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் அசல் ஃபேமிகாமை யாரும் கண்ணால் பார்த்ததே இல்லை. எங்களுக்கு வந்து சேர்ந்தது இதுதான், நாங்கள் விளையாடியதும் இதுதான். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்தில் மரியோ பாட்டு கேட்காது என்பதால் டிவி ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு ஒருத்தன் உட்காருவான், ஒருத்தன் ஆடுவான், உயிர் போனால் மாற வேண்டும். காண்ட்ராவில் முப்பது உயிர் வாங்குவதற்கு மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் என்று ஒரு வரிசை உண்டு, அதைப் பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தோம். ஜப்பானில் எது அசல் என்பது அவர்கள் பாடு. எனக்கு அசல் இந்தப் பெட்டி.

படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபேமிகாம் தருவது 256க்கு 240 புள்ளி. பழைய டிவி அதை வரி வரியாக, ஒரு வரி விட்டு ஒரு வரி இருட்டாக வரையும். கிட்டப் போய்ப் பார்த்தால் மரியோவின் மீசை நாலைந்து சதுரம்தான், ஆனால் மூன்றடி தள்ளி உட்கார்ந்தால் அந்தச் சதுரங்கள் ஒன்றோடு ஒன்று கரைந்து மீசையாகிவிடும். அந்த டிவியைப் பார்த்துத்தான் வரைந்தவர்கள் வரைந்தார்கள். எல்இடியில் செங்கல் அடுக்கின மாதிரி நிற்கிறது.

அப்புறம் வாத்து சுடும் விளையாட்டு. உங்கள் கைக்கருவியில் அதை எப்படி விளையாடுவீர்கள்?


கொண்டைஊசி_20

விளையாடுவதில்லை. அது ஒன்றுக்காக எட்டுப் பத்துக் கிலோ கண்ணாடியை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா?


ஈயமும்_பேஸ்ட்டும்

செவ்வாய்பேட்டையில் டிவி, ரேடியோ ரிப்பேர் பார்க்கிறேன், இருபத்தாறு வருஷம். இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுப்போகிறது.

வாத்து ஏன் எல்இடியில் சாகாது என்று நிறையப் பேர் கேட்டு வருகிறார்கள், துப்பாக்கி ரிப்பேர் என்று நினைத்து. துப்பாக்கியில் கோளாறு இல்லை. அதிலிருந்து எதுவும் பாயாது, அதன் குழலுக்குள் வெளிச்சத்தைப் பார்க்கிற ஒரு கண் இருக்கிறது, அவ்வளவுதான். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். இரண்டு வாத்து என்றால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கட்டம். எந்தக் கணத்தில் கண்ணுக்கு வெளிச்சம் பட்டதோ அந்த வாத்து செத்தது. பிக்சர் டியூபில் சிக்னல் வந்த உடனே வெளிச்சம் வந்துவிடும். எல்இடி டிவி படத்தை வாங்கி, அளவு மாற்றி, மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும். வெள்ளைக் கட்டம் திரைக்கு வருவதற்குள் கேம் கணக்கை முடித்துவிட்டு நீ தவறவிட்டாய் என்று சொல்லிவிடும். அந்தத் துப்பாக்கி கண்ணாடி டியூப் வரி வரைகிற வேகத்துக்கே பழக்கப்பட்டது, மற்ற வெளிச்சம் அதற்கு வெளிச்சமே இல்லை.

தறி தம்பிக்கு ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டிவியைத் தயவுசெய்து நீங்களாகத் திறக்காதீர்கள். டியூப் முதுகில் ரப்பர் தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டு ஒரு தடித்த வயர் போகும், அங்கே பல்லாயிரம் வோல்ட். பிளக்கைப் பிடுங்கின பிறகும் டியூபுக்குள் சார்ஜ் நிற்கும். யூடியூப் பார்த்துக் கைவைத்த பையன் ஒருத்தன் முழங்கை வரை மரத்துப்போய் என் கடைக்கு வந்தான், பிழைத்தது பெரிது.

காயலான் கடைக்குப் போடுவது பற்றி. அங்கே முதல் வேலை டியூபின் கழுத்தைத் தட்டி உடைத்து, கழுத்தில் இருக்கும் செம்புக் காயிலை உருவுவதுதான். மிச்சக் கண்ணாடி சாக்கடை ஓரம் போகும். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. வைத்துக்கொள்ள மனமில்லை என்றால் மின்கழிவு எடுப்பவர்களிடம் முழுசாகக் கொடுங்கள், நூற்றைம்பது ரூபாய்க்காக உடைக்க விடாதீர்கள். மலைக்கார அண்ணன் எட்டுப் பத்துக் கிலோ கண்ணாடி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார், அந்தக் கண்ணாடி எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.


கோரிமேடு_அக்கா

என் பையனுக்கு பன்னிரண்டு வயது. ஃபோனில் அவன் விளையாடுவது எல்லாம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம், இல்லையென்றால் வைரம் வாங்கு, நாணயம் வாங்கு. அதனால் என் தம்பி அவனுக்குப் பிறந்தநாளுக்கு இந்தக் கைக்கருவிதான் வாங்கிக் கொடுத்தான். நல்லதுதான், விளம்பரம் இல்லை. ஆனால் அவன் ஒரு மூலையில், தங்கச்சி ஒரு மூலையில். போன மாதம் என் அண்ணன் வீட்டில் பழைய டிவி கேமில் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேட்டில் சிட்டி விளையாடினார்கள், ஒருத்தர் கழுகைக் காப்பது, ஒருத்தர் டாங்கியைத் துரத்துவது. சண்டைதான், ஆனால் சேர்ந்து போட்ட சண்டை. நான் தறி தம்பி பக்கம்.


கொண்டைஊசி_20

அக்கா, கைக்கருவியையும் டிவியில் மாட்டலாம், இரண்டு ரிமோட்டும் சேர்க்கலாம். அது கருவியின் குறை இல்லை.

நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் வேறு. பெட்டி சாகும். என் பெட்டி செத்தது, தம்பியின் பெட்டியும் ஒரு நாள் சாகும், ரிப்பேர் அண்ணன் கடையில் உதிரி பாகம் தீரும். அன்றைக்கு அந்த விளையாட்டு எங்கே இருக்கும்? அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டது: 2010க்கு முன் அங்கே வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்றைக்குக் கடையில் விலைக்குக் கிடையாது. அதே வருஷம் மார்ச் 27ஆம் தேதி நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான இணையக் கடையில் விற்பனையை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கத் தயாராக இருப்பவனுக்கும் வழி இல்லை. இந்த விளையாட்டுகளை இன்று உயிரோடு வைத்திருப்பது, பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு சில்லும் (சிப்) எப்படி நடந்துகொள்ளும் என்று கண்டுபிடித்து அதை மென்பொருளாக எழுதிச் சும்மா கொடுத்தவர்கள். அந்த மென்பொருள்தான் எமுலேட்டர், என் கைக்கருவியில் ஓடுவதும் அதுதான். எமுலேட்டர் என்றாலே இரண்டாம் தரம் என்று நினைப்பது எனக்கு வலிக்கிறது.

தறி தம்பி கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். ஜப்பான், அமெரிக்காவில் டிவி நொடிக்கு 60 முறை படம் மாற்றும், நம் ஊரில் 50. நமக்கு வந்த நகல் பெட்டிகள் 50க்கு ஏற்பச் செய்தவை. விளையாட்டின் கணக்கு எல்லாம் படத்துக்குப் படம் நகர்வதால், நாம் விளையாடிய மரியோ ஜப்பான்காரன் மரியோவைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினான். பாட்டும் மெதுவு. ஆனால் சுருதி மட்டும் இறங்கவில்லை, ஏனென்றால் நகல் செய்தவன் சில்லின் வேகத்தைக் கிட்டத்தட்ட அசல் போலவே வைத்திருந்தான். ரஷ்யாவில் இதே மாதிரி நகல் டெண்டி என்ற பெயரில் 1992 முதல் விற்றது. அதனால் எமுலேட்டரில் ரீஜன் என்ற இடத்தில் என்டிஎஸ்சி (ஜப்பான், அமெரிக்க டிவி முறை, 60), பிஏஎல் (ஐரோப்பா, நம் ஊர் டிவி முறை, 50) இரண்டோடு மூன்றாவதாக டெண்டி என்றும் ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். நகலைக்கூட மதித்து, அளந்து, எழுதி வைத்திருக்கிறார்கள் தம்பி. நீங்கள் மரியாதை கேட்ட அதே பெட்டிக்கு.


ஈயமும்_பேஸ்ட்டும்

இது உண்மை. பழைய பெட்டிகளைத் திறந்தால் யுஎம்சி என்று அச்சடித்த இரண்டு நீளச் சில்லு இருக்கும், தைவான் சரக்கு. பிற்பாடு வந்தவற்றில் எல்லாம் ஒரே கரும்பொட்டுக்குள் போய்விட்டது, அது போனால் போனதுதான், ஈயம் வைக்க இடமே கிடையாது. 50 கணக்கு என்று கேள்விப்பட்டதுண்டு, பாட்டின் சுருதி வரை யோசித்ததில்லை.


அம்மாபேட்டை_தறி

நேற்று ராத்திரி சின்ன மாமாவிடம் ஒரு கைக்கருவி வாங்கி இதைச் செய்து பார்த்தேன், அதனால்தான் உடனே பதில் போடவில்லை.

முதலில் அமைப்பு எதுவும் மாற்றாமல் மரியோவைப் போட்டேன். பாட்டு அவசரமாக ஓடுகிற மாதிரி இருந்தது, எதனால் என்று சொல்லத் தெரியவில்லை. டெண்டிக்கு மாற்றினேன். தண்ணீருக்கு அடியில் நீந்துகிற கட்டத்தின் பாட்டு வந்தது. அந்த இழுவை. எங்கள் வீட்டு முன்னறை, பக்கத்துத் தறி, சுவரில் சாய்த்து வைத்த அப்பாவின் சைக்கிள், எல்லாம் அந்த வேகத்தில்தான் இருந்தது. பழைய டிவியையும் பக்கத்தில் போட்டு இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டேன், ஒரு நிமிஷம் வரை அடி பிசகவில்லை. எமுலேட்டரை நான் குறைவாக நினைத்தது தப்பு, மலைக்கார அண்ணா. எழுதினவர்களுக்கு வணக்கம்.

ஆனால் டிவியைக் கொடுக்க மாட்டேன். கைக்கருவியில் அதே ஸ்லோமோஷன் எடுத்தேன், 19 படம். எல்இடியைவிட எவ்வளவோ பரவாயில்லை, 11 இல்லை. வாத்து இன்னும் டியூபில்தான் சாகிறது. அக்கா சொன்ன பாய் விஷயமும் இருக்கிறது.

ஒரு கவலை. நேற்று ஒரு மணி நேரம் ஓடியதும் படம் மேலேயும் கீழேயும் சுருங்கி, நடுவில் பட்டையாக நின்றது. அணைத்துப் போட்டால் சரியாகி, மறுபடி சுருங்குகிறது.


ஈயமும்_பேஸ்ட்டும்

படத்தை மேலும் கீழும் விரிக்கிற வெர்ட்டிகல் பகுதியில் கண்டென்சர் காய்ந்திருக்கும். பரணில் கிடந்த டிவிக்கு இது வழக்கம்தான். பெரிய செலவு இல்லை, பத்து இருபது ரூபாய் சாமான், என் கூலி ஒன்றும் வேண்டாம், வாத்து சுட விட்டால் போதும். இன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், அந்த நிலையில் ஓட்டினால் ஐசியும் சேர்ந்து போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குக் கொண்டு வாருங்கள். ஆட்டோவில் வரும்போது திரைப்பக்கம் உங்கள் மடியை நோக்கி இருக்கட்டும், கழுத்துப் பக்கம் எதுவும் இடிக்கக் கூடாது. கேசட்டின் பல்லை வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரத்தில் களிம்பு பிடிக்கும். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துவிட்டு, மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும்.


கொண்டைஊசி_20

ஞாயிறு நானும் உரம் வாங்கச் சேலம் இறங்குகிறேன், செவ்வாய்பேட்டைக்கு வந்துவிடுகிறேன். கைக்கருவியும் டிவி வயரும் கொண்டு வருகிறேன். உங்கள் 11க்கும் என் 19க்கும் நடுவில் அமைப்பிலேயே குறைக்க வழி இருக்கிறது, ரன் அஹெட் என்று ஒரு தேர்வு, அதைப் போட்டு உங்கள் ஃபோனிலேயே எண்ணிப் பார்ப்போம். குறையவில்லை என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

துப்பாக்கியை எடுத்து வர மறக்க வேண்டாம் தம்பி.


கோரிமேடு_அக்கா

எத்தனை மணிக்கு? பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டி வருகிறேன். தட்டுவடை செட் நான் வாங்கிக்கொள்கிறேன்.