காந்தி வீதியில் வாங்கிய யூதப் பாட்டுப் புத்தகம், அட்டை இல்லை: எந்த ஊர், எந்த வருடம்?

பழையதாள்_புதுவை:
புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் பழைய பிரெஞ்சுப் பத்திரிகைக் கட்டுக்குள் கிடந்தது. வலப்பக்கமிருந்து திறக்கிறது, எபிரேய எழுத்து. அட்டை, தலைப்புப் பக்கம் எல்லாம் போய், முன்னுரையின் கடைசிப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பம். உள்ளே மேற்கத்திய இசைக்குறிப்பு, அதற்குக் கீழே பாட்டு வரிகள் ரோமன் எழுத்தில். கடைக்காரர் இது கொச்சி யூதர்களுடையது என்று அடித்துச் சொல்லி விலையை ஏற்றினார். அப்படி இருக்குமா? போட்டோ போட்டிருக்கிறேன்.

மஞ்சக்குப்பத்தான்:
கொச்சி இல்லை. அங்கே யூதப் பெண்கள் பாடிய பாட்டுகள் மலையாளம், மலையாள எழுத்திலேயே கைப்பட நோட்டில் எழுதி வைத்தவை. உங்கள் போட்டோவில் ஆங்கில ஒய் மாதிரி ஒரு எழுத்து வரிக்கு வரி வருகிறதே, அது அயின், இத்திஷ் மொழியில் (ஐரோப்பிய யூதர்கள் எபிரேய எழுத்தில் எழுதும், ஜெர்மனுக்கு நெருக்கமான மொழி) 'எ' உயிர். எபிரேயத்தில் இவ்வளவு வராது. ரோமனில் ஷ ஒலிக்கு ஜெர்மன் முறையில் எஸ்-சி-எச் போட்டிருப்பதால் ஜெர்மனிப் பக்கம் அச்சானது என்று நினைக்கிறேன்.

இசைத்தட்டு_ரசிகன்:
இத்திஷ் சரி, ஜெர்மனி என்று முடிவு கட்டாதீர்கள் அண்ணா. அந்தக் காலத்தில் நியூயார்க்கில் அச்சான இத்திஷ் பாட்டுத் தாள்களிலும் இதே ஸ்பெல்லிங் உண்டு. வருடத்துக்கு வருவோம். முன்னுரைக்குக் கீழே நாலு எழுத்து, கடைசி எழுத்துக்கு முன்னால் இரட்டைக் கோடு, அதுதான் ஆண்டு. நம் பழைய நூல்களில் க, உ என்று எண் போட்ட மாதிரிதான். தாவ் 400, ரேஷ் 200, பே 80, தெத் 9, ஆக 689. ஐயாயிரத்தை எழுதாமல் விடுவது வழக்கம், அதனால் யூத ஆண்டு 5689. 689 உடன் 1240 கூட்டினால் 1929. அவர்கள் புத்தாண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும், எனவே 1928 கடைசியாகவும் இருக்கலாம்.

கெடிலக்கரை:
அது முன்னுரையின் தேதி சார், அச்சின் தேதி இல்லை. மறுபதிப்பிலும் பழைய முன்னுரையை அப்படியே போட்டுவிடுவார்கள். இசைப் பக்கங்களின் அடியில் நடுவில் சின்னதாக எண் இருக்கிறதா பாருங்கள், அது தகட்டு எண், அதாவது அச்சுத் தகட்டில் பதிப்பகம் போடும் அடையாள எண், பக்க எண் அல்ல. அப்புறம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஃப்ரீட்மன் யூத இசைத் தொகுப்பில் ஒவ்வொரு பாட்டாகத் தேடுங்கள். நாலைந்து பாட்டு ஒரே புத்தகத்தைக் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

பழையதாள்_புதுவை:
எண் இருக்கிறது! எல்லாப் பக்கத்திலும் அதே எண், முன்னால் இரண்டு ரோமன் எழுத்து.

கெடிலக்கரை:
அந்த இரண்டெழுத்து பெரும்பாலும் பதிப்பகத்தின் சுருக்கம். பகல் வெளிச்சத்தில் கிட்டே எடுத்துப் போடுங்கள். அதுவரை கிழிசலில் செல்லோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.