கடலில் விழும் விமானங்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு

செம்பூர்வாசி:
மும்பையிலிருந்து இரவில் மேற்குப் பக்கமாகக் கிளம்பியவர்களுக்குத் தெரியும், ஜுஹு தாண்டியதும் விளக்குகள் சட்டென்று தீர்ந்துபோகும். அப்புறம் கடலும் வானமும் ஒரே கருப்பு. போன வருடம் கோவைக்குப் போகும்போது பக்கத்தில் ஒரு பெரியவர், விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாட்டுங்கா தமிழர். அந்த இருட்டு வந்ததும் ஜன்னலில் விரலை வைத்து, "இங்கதான் தம்பி, எம்பரர் அசோகா" என்றார். 1978 ஜனவரி 1, துபாய்க்குப் போன அந்தப் பெயர் கொண்ட ஏர் இந்தியா 747 விமானம், கிளம்பி இரண்டு நிமிடம்கூட ஆகாமல் பாந்த்ராவுக்கு அப்பால் கடலில். 213 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. அவர் உள்ளங்கையை நீட்டி மெல்ல இடப்பக்கம் சாய்த்தார். கேப்டன் முன்னால் இருந்த சாய்வு காட்டும் கருவி பழுதாகி, விமானம் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகவே காட்டியது. அதை நம்பி இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போயிருக்கிறார், வெளியே பார்த்துச் சரிசெய்ய அந்த இருட்டில் தொடுவானம் ஏது? பெரியவரின் கை முழுசாகக் கவிழ்ந்து அப்படியே நின்றது. நான் ஒன்றும் பேசவில்லை. உங்களுக்கும் இப்படி யாரையாவது சந்தித்தது உண்டா?

பாந்த்ரா ரயில்வே குடியிருப்பு:
அம்மா அப்போது இங்கேதான். மறுநாள் காலையில் கரையெல்லாம் கூட்டம், கடற்படைப் படகுகள். பக்கத்து மீனவக் குப்பமான சிம்பாயிலிருந்து வழக்கமாக மீன் கொண்டுவரும் கோலி அம்மா அதற்கப்புறம் பல நாள் வரவே இல்லை. வந்தபோதும் கூடையை இறக்காமல் வாசலில் நின்றபடி, "நீங்க வாங்க மாட்டீங்கன்னு தெரியும், பார்த்துட்டுப் போகத்தான் வந்தேன்" என்று மராத்தியில் சொன்னாராம். அந்த வெறும் வருகையைச் சொல்லும்போது அம்மாவுக்கு இன்னமும் குரல் தழுதழுக்கும். எங்கள் வீட்டில் அது குண்டுதான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கருவி கெட்டதால் அவ்வளவு பெரிய விமானம் விழுமா என்ன?

ஆழ்கடல் சர்வே:
விழும். குண்டு என்று சொல்வதை நிறுத்துங்கள், தயவுசெய்து. அன்று முதலில் எல்லோரும் அப்படித்தான் சந்தேகப்பட்டார்கள், விசாரணையில் அது நிற்கவில்லை. குண்டு வெடித்தது கனிஷ்கா என்ற இன்னொரு ஏர் இந்தியா விமானத்தில், 1985 ஜூன் 23, அயர்லாந்துக்கு அப்பால், 329 பேர். அங்கே கருப்புப் பெட்டிகளை ஏறக்குறைய 2 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து எடுத்தார்கள். இரண்டையும் குழப்பினால் இறந்தவர்களுக்கு நாம் என்ன மரியாதை செய்கிறோம்?

என் கதை சின்னது. எண்ணெய்க் கிணறு மேடைக்கு ஹெலிகாப்டரில் போகிறவர்களுக்கு நீச்சல் குளத்தில் ஒரு பயிற்சி உண்டு. கூண்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு, தண்ணீரில் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். என் முறைக்கு முன்னால் போனவர் நல்ல நீச்சல்காரர், தூத்துக்குடிப் பக்கம். கவிழ்ந்ததும் முதல் வேலையாக பெல்ட்டைக் கழற்றிவிட்டார். உடம்பு மிதந்து, கவிழ்ந்ததால் மேலே வந்துவிட்ட கூண்டின் தரைப்பக்கம் ஒட்டிக்கொண்டது, ஜன்னல் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். முக்குளிப்பவர்கள் வெளியே இழுத்தார்கள். அந்தத் தட்டல் சத்தம் தண்ணீர் வழியாகக் கேட்டது.

அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கையால் ஜன்னல் விளிம்பையோ முன் இருக்கையையோ பிடித்துக்கொண்டு, தண்ணீரின் வேகம் அடங்கியபின் பெல்ட்டைக் கழற்றுங்கள். உட்கார்ந்ததும் வெளியேறும் கதவு வரை எத்தனை வரிசை என்று எண்ணி வையுங்கள், புகையிலும் தண்ணீரிலும் கண் உதவாது. விமானம் மேலே கிளம்பும்போதும் தரையிறங்கும்போதும் செருப்பைக் கழற்றாதீர்கள். பை, லேப்டாப் எதையும் எடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேல், உயிர்காப்பு உடுப்பை விமானத்துக்குள் ஊதாதீர்கள், கதவருகே வந்து ஊதுங்கள். 1996 நவம்பரில் கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் எரிபொருள் தீர்ந்து கொமொரோஸ் கரையோரக் கடலில் விழுந்தது, 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். கடலில் விழுந்ததில் பிழைத்தும், முன்னாலேயே ஊதிக்கொண்டதால் தண்ணீர் ஏற ஏறக் கூரையோடு மிதந்து வெளியே வர முடியாமல் போனவர்கள் அதில் உண்டு. விழுந்தால் எல்லாம் முடிந்தது என்கிறவர்கள் 2009இல் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தை நினைத்துப் பாருங்கள், 155 பேரும் பிழைத்தார்கள்.

முலுண்ட் சுமதி:
அண்ணா, நல்ல விஷயம்தான், ஆனால் இங்கே யாரும் பாடம் கேட்கவில்லையே. எனக்கு உறுத்துவது வேறு. அலுவலகத்தில் ஓர் அக்கா, அவருடைய சொந்தக்காரர் கடலில் காணாமல் போன ஒரு விமானத்தில் இருந்தவர். எது என்று சொல்ல மாட்டேன். உலகத்தில் எங்கே பாகம் கரை ஒதுங்கினாலும், டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். ஒருநாள் போனை என் பக்கம் திருப்பி, "இது இறக்கைத் துண்டுதானேம்மா? அப்போ உள்ளே இருந்தவங்க?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் தண்ணீரை நகர்த்தி வைத்தேன். 2016இல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் போன விமானப்படையின் ஏஎன்-32 விமானமும் அப்படித்தான் காணாமல் போனது, 29 பேர். சிதைவுகள் 3,400 மீட்டர் ஆழத்தில் கண்ணில் பட்டது 2024 ஜனவரியில்தான், அதுவும் சென்னைக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கிக் கலத்தால். அதுவரை அந்த வீடுகளில் திதி கொடுப்பதா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்திருப்பார்கள்?

ஆழ்கடல் சர்வே:
அதற்குத்தான் தங்கச்சி, தண்ணீருக்குள் இடத்தைக் காட்டிக்கொடுக்கக் கருப்புப் பெட்டியிலிருந்து வரும் ஒலியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. முன்பு 30 நாள்தான் ஒலிக்கும், 2009இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447ஐத் தேடும்போது அது அடங்கிப்போய், விமானம் கிடைக்க ஏறக்குறைய 2 வருடம் ஆனது. அதன் பிறகுதான் 90 நாள் என்று மாற்றினார்கள்.

கலீனா பையன்:
எல்லோரும் பெட்டியையே பேசுகிறீர்கள். 2018இல் லயன் ஏர் விமானம் தானாகவே மூக்கைக் கீழே தள்ளித் தள்ளி ஜாவா கடலில் விழுந்தது, 189 பேர், கேப்டன் நம் தில்லிக்காரர். முந்தைய நாள் இரவே அதே விமானம் அதே மாதிரி மூக்கைக் கீழே தள்ளியது, காக்பிட்டில் கூடுதலாக உட்கார்ந்திருந்த ஒரு விமானியின் உதவியோடு சமாளித்தார்கள். நடந்தது முழுவதுமாக விமானத்தின் கோளாறுக் குறிப்பேட்டில் ஏறவில்லை. மறுநாள் ஓட்டியவர்களுக்கு அது தெரியாது. நான் வேலை பழகிய இடத்தில் ஒரு சூப்பர்வைசர், குறிப்பேட்டில் ஒரு வரியைப் பேனாவால் தொட்டு, "இதை எழுதினால் காலை விமானம் நிற்கும், யோசிச்சு எழுது" என்றார். எழுதினேன், விமானம் நின்றது, அவர் அப்புறம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேறு எங்காவது இப்படி நடந்ததைப் பார்த்தவர்கள் இருந்தால் இங்கே எழுதுங்கள், நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.