ஜார்ஜிடம் மூன்று நாளாக மாட்டியிருக்கிறேன்

'ஷேடோஸ் ஆஃப் த டேம்ட்' வீடியோ கேமை ஆடியவர்கள் உதவுங்கள். நான் ஆடுவது 2024-இல் வந்த ரீமாஸ்டர் (புதுப்பித்த பதிப்பு), பிஎஸ்5 கருவியில், நடுத்தரக் கடினம். 2011-இல் வந்தபோது தவறவிட்ட கேம் இது. பேசும் மண்டையோடு ஜான்சனே துப்பாக்கியாகவும் மாறுவது, நரகத்தில் உயிர் கூட்ட மது குடிப்பது, கூடவே அகிரா யமஓகாவின் இசை என்று எல்லாமே எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. பாதியில் விட மனம் வரவில்லை.

சிக்கல் முதல் பாஸ், அதாவது முதல் பெரிய எதிரியான ஜார்ஜிடம்தான். அவன் குதிரை ஏறி வந்து இருள் சூழ்ந்ததும் நாயகன் கார்சியாவின் உயிர் மளமளவென்று குறைகிறது. உடனே ஆட்டுத்தலையைத் தேடிச் சுட்டு வெளிச்சம் வரவைக்கிறேன். ஆனால் வெளிச்சத்தில் எவ்வளவு சுட்டாலும் அவனுக்கு ஒன்றும் ஆவதாகத் தெரியவில்லை.

கேமில் பொருள் விற்கும் கிறிஸ்டோஃபரிடம் வெள்ளைக் கற்களைக் கொடுத்து மதுபாட்டில் வாங்கி வைத்தேன். சிவப்புக் கற்களைக் கைத்துப்பாக்கியின் பலத்துக்கே போட்டேன். உருண்டு தப்பிக்கவும் பழகிவிட்டேன். அப்புறமும் பதினைந்து தடவைக்கு மேல் செத்தாயிற்று. கடினத்தைக் குறைத்து ஆட விருப்பமில்லை.

வெளிச்சம் வரவைக்காமல், இருளுக்குள்ளேயே நின்றுதான் அவனைச் சுட வேண்டுமா?