அப்பச்சி வைத்திருந்த ஜோடி பிஸ்டல் பெட்டி: தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

பொள்ளாச்சிக்காரன்:
வணக்கமுங்க. எங்கள் அப்பச்சி வால்பாறை எஸ்டேட்டில் கணக்குப் பார்த்தவர், அங்கிருந்த துரை ஊருக்குப் போகும்போது கொடுத்த மரப்பெட்டி ஒன்று இத்தனை நாளாகப் பரணில் கிடந்தது. திறந்தால் பச்சைக் கம்பளித் துணி ஒட்டிய அறைகளில் ஒரே மாதிரி இரண்டு பிஸ்டல், ஈயக்குண்டு வார்க்கும் அச்சு, வெடிமருந்துக் குடுவை. மூடிக்குள் ஒட்டிய தாளில் லண்டன் என்பது மட்டும் தெரிகிறது. எட்டுப்பட்டைக் குழல் பழுப்பேறியிருக்கிறது, உப்புத்தாள் போடலாமா?

கோவை மரவேலை:
ஐயோ, போடாதீங்க! அந்தப் பழுப்பு, உலோகம் மின்னிக் கண்ணைக் கூசாதிருக்க அன்றைக்கே பக்குவமாக ஏற்றிய நிறம். அது போனால் பாதி மதிப்பு போனது போலத்தான். மூடியில் உள்ள தாளையும் தொடாதீர்கள், செய்தவர் யார் என்பதற்கு அது ஒரு முக்கியச் சாட்சி.

காங்கேயத்தான்:
ராபர்ட் வாக்டன், ஜான் மேன்டன் போன்ற லண்டன்காரர்கள் டூயலுக்கென்றே (மானப் பிரச்சினைக்காக இரண்டு பேர் எதிரெதிரே நின்று சுட்டுக்கொள்ளும் மோதல்) செய்தவை இப்படித்தான் இருக்கும். வெள்ளி அலங்காரம் குறைவு, கையை நீட்டினால் குழல் தானாகக் குறியில் நிற்க வேண்டும், அதுதான் வேலைப்பாடு. 1804ல் அமெரிக்காவில் ஹாமில்டன், பர் என்ற இரண்டு அரசியல் தலைவர்கள் மோதியது வாக்டன் ஜோடியில்தான். விசைக்குப் பக்கத்தில் சின்னத் திருகாணி இருக்கிறதா பாருங்கள், லேசாகத் தொட்டாலே வெடிக்கும்படி வைக்கிற அமைப்பு அது.

ஈரோடு அண்ணன்:
தம்பி, முதலில் விசையில் கை வைக்காதே. உள்ளே பழைய மருந்து இருக்கலாம். துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் காட்டு. அப்புறம், பழசு என்பதாலேயே லைசென்ஸ் தேவையில்லை என்று நினைக்காமல் கலெக்டர் ஆபீசில் கேட்டுவிடு.