பர்மிய எழுத்தின் கொம்பு: ஜோஜியா, யூனிகோடா? உதவி தேவை

வணக்கம். யாங்கூனில் உள்ள உறவினர்கள் 2014 முதல் அனுப்பிய பர்மிய சமையல் குறிப்புகளைத் தொகுக்கிறேன். பாதி பழைய ஜோஜி எழுத்துருவில் தட்டியவை, மீதி உலகப் பொதுக் குறியேற்றமான யூனிகோடு. மியான்மர் 2019 அக்டோபர் 1 அன்று யூனிகோடுக்கு மாறியது, ஆனால் பழைய குறிப்புகள் அப்படியேதானே இருக்கும்!

என்னைத் திணறடிப்பது 'ஏ' ஒலிக்குறி. நம் ஒற்றைக் கொம்பு மாதிரியே மெய்க்கு இடப்பக்கம் நிற்கும். இரண்டு முறையிலும் கணினியில் அதன் குறியீட்டு எண் 1031தான் ('ந'வுக்கு 1014, 'க'வுக்கு 1000). யூனிகோடில் மெய்க்குப் பிறகு வரும், ஜோஜியில் கண்ணுக்குத் தெரிகிறபடி மெய்க்கு முன்னால். சூரியனைக் குறிக்கும் 'நே' யூனிகோடில் 1014 1031, ஜோஜியில் 1031 1014.

வரி 1031-ல் தொடங்கினால் ஜோஜி என்று ஒதுக்கிவிடுகிறேன். சிக்கல் 1031 நடுவில் வரும்போதுதான். 1014 1031 1000 என்பதை யூனிகோடாகப் படித்தால் 'நேக', ஜோஜியாகப் படித்தால் 'நகே'. ஜோஜியா யூனிகோடா என்று கண்டறியும் கூகுளின் மியான்மர் டூல்ஸ் நிரல் நீளமான பத்திகளை அழகாகப் பிரிக்கிறது. ஓரிரு சொல் மட்டுமே உள்ள பொருள்பட்டியல் வரிகளில் தடுமாறுகிறது.

பழைய தமிழ்க் குறியேற்றமான திஸ்கியிலும் கொம்பு முன்னால்தான் இருந்தது. அந்தக் கோப்புகளை மாற்றிய அனுபவம் உள்ளவர்கள் இங்கே நிச்சயம் இருப்பீர்கள். இப்படிக் குட்டி வரிகளை எப்படிப் பிரித்தீர்கள்? பக்கத்து வரிகளை வைத்து முடிவு செய்யலாமா, அல்லது அகராதியோடு ஒப்பிடுவதுதான் வழியா? அப்புறம், பர்மிய மொழி வாசிக்கத் தெரிந்த யாராவது ஒரு 20 வரிகளைச் சரிபார்த்துத் தந்தால் பேருதவியாக இருக்கும்.